சாட்சி சொல்லப் போக நான் லீவு வாங்கிய கதை

ஏன்டா, போன வெள்ளிக்கிழமை போனில் நீ பேசிக்கொண்டே இருக்க நான் பதில் சொல்லாமல் இருந்தேனே, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தினாயே, லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. ஜூரியில் உட்கார வரச் சொல்லி ஹூஸ்டன் கோர்ட்டிலிருந்து உனக்குக் கடுதாசி வந்திருக்கிறது, அதே வாரம் உன் ஆபீஸில் ஏதோ ரிலீஸ் இருக்கிறது, நீ இல்லாவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும், அதனால் எப்படித் தப்பிப்பது என்று கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள் என்றாய். ஒருத்தன் காது சரியாகக் கேட்காது என்று எழுதிப் போடச் சொன்னானாம். இன்னொருத்தன், ‘போலீஸ் சொன்னால் நான் எதையும் நம்புவேன் என்று கோர்ட்டில் சொல், நடுநிலை இல்லாத ஆள் என்று அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்றானாம். இந்த இரண்டில் எது நல்லது என்று என்னிடம் கேட்டாய் பார், அங்கேதான் எனக்கு வாய் அடைத்துப்போனது. யாரிடம் வந்து என்ன கேட்கிறாய்!

போனில் சொன்னால் திட்டுவேன். திட்டினால் நீ ‘ஓகே மா, ஓகே மா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அறிவுரை என்று பயந்து மூடி வைத்துவிடாதே, இது முழுக்க முழுக்க என் சுயபுராணம். அப்பா ஹூஸ்டனில் மேல்படிப்புப் படித்த நாளில் நீ பிறந்தாய், அதனால் உனக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட். நீ நடை பழகுவதற்குள் நாம் பஹ்ரைனுக்கு வந்துவிட்டோம். இத்தனை வருடம் இருந்தும் எனக்கும் அப்பாவுக்கும் இங்கே ஓட்டு கிடையாது, சொந்தம் என்று ஒரு சதுர அடி கிடையாது, விசா இருக்கிற வரைக்கும் வாசம். அப்படிப்பட்ட நான் இந்த ஊர் கோர்ட்டில் நின்று ஒரு மனுஷனைக் காப்பாற்றினேன். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. சாட்சி சொல்லிவிட்டு நான் ராணி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தபோது ‘மா, டின்னருக்கு என்ன?’ என்று கேட்டவன் நீ. இப்போதாவது முழுக் கதையையும் கேள்.

ஈசா டவுன் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தேன். குதைபியாவில் இருந்த நம் ஃபிளாட்டிலிருந்து போக வர ஒரு தனியார் வேன். அதை ஓட்டிய ஆறுமுகத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், ராமநாதபுரம் பக்கத்துக்காரன். பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து முடிக்கும்வரை வண்டியை நகர்த்த மாட்டான். அவன் தமிழில் அதட்டுவான், நீங்கள் இங்கிலீஷில் எதிர்த்துப் பேசுவீர்கள், ‘சிட் டவுனு ராசா’ என்று அவன் கடைசியில் கையெடுத்துக் கும்பிடுவான். வேன் ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சொந்தம். அதன் கஃபீல், அதாவது இவர்களுக்கெல்லாம் விசா கொடுத்த அரபி முதலாளி, எப்போதாவதுதான் தலைகாட்டுவார். வண்டி, டிரைவர், அவர்கள் தங்குகிற கேம்ப் எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது உருது பேசும் ஒரு சூப்பர்வைசர்.

அன்று நீ கிரிக்கெட் பிராக்டிஸுக்கு நின்றுவிட்டாய். மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வேன் கடைசியாக நம் கட்டடத்துக்கு வந்தபோது சூப்பர்வைசர் பார்க்கிங்கில் காத்துக்கொண்டிருந்தார். பிரேக் சரியில்லை என்று ஆறுமுகம் நாள் கணக்கில் சொல்லிப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவன் வேனில் வரும் ஒரு பிள்ளையின் தகப்பனிடம் வாய்விட, அவர் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்திவிட்டார். அந்தக் கோபத்தில் வந்திருந்தார் சூப்பர்வைசர். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போக வேண்டும், அது ஒன்றுதான் விஷயம். ஆனால் அரை மணி நேரம் கத்தினார். ஆறுமுகம் அவர் முடிக்கும்வரை நின்றான். சாவியை அவர் கையில் வைத்து, ‘மே ஜாதா பாய், கலாஸ்’ என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘போயிட்டு வாரேன் டீச்சர்’ என்றான். இன்னும் ஏதோ கேட்டான், விடைத்தாள் கட்டும் காய்கறிப் பையுமாக நின்ற நானும் ஏதோ சொல்லிவிட்டு லிஃப்ட் மூடுவதற்குள் ஓடினேன்.

மறுநாள் காலை வேனில் வேறு ஆள் இருந்தான். சூப்பர்வைசரின் சித்தப்பா மகன். என்ன ஆயிற்று என்றால், ஆறுமுகம் வேலையை விட்டுவிட்டானாம். சாவியைக் கொடுத்து ‘நான் போகிறேன், முடிந்தது’ என்று அவனே வாயால் சொன்னானாம். பாவி மனுஷன் வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு வந்து நின்றிருக்கிறான், கேம்ப் கேட்டிலேயே மறித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? ஆளைக் காணோம், ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனியிலிருந்து புகாரும் கொடுத்துவிட்டார்கள். ஓடிப்போனவன் என்று இங்கே ஒரு முறை பதிந்துவிட்டால் அப்புறம் போலீஸ் கையில் சிக்குவதும் ஒன்றுதான், விமானம் ஏறுவதும் ஒன்றுதான். இந்தப் பக்கமே திரும்ப வர முடியாது. நட்பான நாலு பேர் ஒரு ரூமில் அவனை ஒளித்து வைத்தார்கள். பகலில் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டானாம்.

எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த இரண்டு வாக்கியத்தையும் நான் காதால் கேட்டவள். நம் ஆட்கள் ‘போறேன்’ என்று சொல்வார்களா? ‘போறேன்’னு சொன்னாலே ‘நல்ல வார்த்தை சொல்லுடா’ என்று தலையில் குட்டு விழும். கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த ஹிந்தியில் அத்தனை நீட்டிச் சொல்ல வராது. தமிழில் நாக்கு கூசுகிற சொல் ஹிந்தியில் கூசவில்லை, ‘ஜாதா’ என்றுவிட்டான். கலாஸ் என்றது அன்றைய டூட்டி முடிந்தது என்று. இங்கே டீ குடித்து முடித்தால்கூட கலாஸ், அதற்காக ஆயுசுக்கும் டீயை விட்டுவிட்டதாகவா அர்த்தம்?

தொழிலாளர் துறையில் பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, கேஸ் கோர்ட்டுக்குப் போனது. ஆறுமுகத்துக்காக வந்த வக்கீல் ஒரு பஹ்ரைனிப் பெண். என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். அவர்கள் பக்கம் சூப்பர்வைசர் இருக்கிறார், இந்தப் பக்கம் நீங்கள் ஒருத்திதான், நீங்கள் வராவிட்டால் கேஸ் கலாஸ் என்றாள். அவள் போன பிறகு அப்பா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ‘நாம பிழைக்க வந்தவங்கம்மா. நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட் வாசல் மிதிச்சதில்ல. நாளைக்கு அந்த முதலாளி ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை என்னாகும்?’ என்றார். ‘ஏங்க, அவன் ஓட்டுன வண்டியில நம்ம புள்ள தினம் போயிட்டு வந்துச்சே, அன்னைக்கு அவன் பிரேக்கு சரியில்லன்னு வாயத் திறக்காம இருந்திருந்தா?’ என்றேன். அப்பா நடப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பயம் மட்டும் போகவில்லை.

கோர்ட் என்றால் போனோமா சொன்னோமா வந்தோமா என்று நினைத்திருந்தேன். முதல் முறை போனபோது எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா. அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை, மறுபடி வாய்தா. ஒவ்வொரு தடவையும் லீவு. என் வகுப்புக்கு யாரோ போய் உட்கார, பிள்ளைகள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தன. அது எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஒருத்தனுக்கு நியாயம் தேடப் போய் நாற்பது பிள்ளைகளின் பாடத்தை விட்டுவிட முடியுமா? இழந்த வகுப்புகளையெல்லாம் மதிய இடைவேளையில் எடுத்து ஈடுகட்டினேன். பிள்ளைகள் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே பென்சீனைப் படித்தன.

மூன்றாவது தேதி வந்தது. எங்கே போய் விழுந்தது தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் தேர்வன்று காலையில்! குவைத்தில் ஃபர்வானியாவிலிருந்து எக்ஸ்டெர்னல், அதான் வெளிப் பள்ளித் தேர்வாளர், விமானத்தில் வருகிறார். எங்கள் பள்ளித் தரப்பில் தேர்வாளர் நான். நான் இல்லாமல் பிராக்டிகல் நடக்காது. வக்கீல் பெண்ணிடம் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். ‘உஸ்தாதா, இதற்குள் அவனைப் போலீஸ் பிடித்துவிட்டால்?’ என்றாள். உஸ்தாதா என்றால் டீச்சரம்மா. அந்த ஒரு கேள்வியோடு நான் பிரின்சிபல் அறைக்குப் போனேன்.

பிரின்சிபல் மேடம் கெட்டவரில்லை. இரண்டு முறை முகம் சுளிக்காமல் லீவு கொடுத்தவர்தான். ஆனால் பரீட்சை என்றதும் அவருக்கும் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. ‘யாரோ ஒரு டிரைவருக்காக போர்டு எக்ஸாமை விட்டுவிட்டுப் போவேன் என்கிறீர்களா? லீவு கிடையாது’ என்றார். ‘மேடம், லீவு நான் கேக்கல. கோர்ட் என்னை வரச் சொல்லுது. எக்ஸாமையும் நான் விடப் போறதில்ல. ரெண்டையும் முடிக்க எனக்கு ஒரு நாள் அவகாசம் குடுங்க’ என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன், ஆனால் நம் வீட்டுக் குரலில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘நாளைக்குள் வழி சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் லேபில் இருக்க வேண்டும்’ என்றார்.

வழி என்ன? அன்று காலை கெமிஸ்ட்ரி, மதியம் பிசிக்ஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சொல்வது சுலபம். பிசிக்ஸ் எடுத்த மலையாளத்துக்காரர் ஜோசப் சாரும் நானும் ஸ்டாஃப் ரூம் ஃபேனுக்கே வருடக் கணக்கில் சண்டை போட்டவர்கள். அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு, ‘டீச்சரே, ஞான் மாத்தித் தரும். பட்சே மார்ச்சில் என்ட சூப்பர்விஷன் டூட்டி முழுக்க டீச்சர் செய்யணும்’ என்றார். பேரம் பேச எனக்கு நேரமில்லை, சரி என்றேன். பிறகு பார்த்தால், மார்ச்சில் ஒரு டூட்டிகூட அவர் எனக்குத் தள்ளிவிடவில்லை, எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். கேட்டதற்கு, நீங்கள் ஒரு தடவையாவது எனக்குப் பணிந்து போவதைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றார் அந்தக் குசும்பர்.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. எக்ஸ்டெர்னல் மேடம் சாயங்கால விமானத்தில் திரும்ப டிக்கெட் போட்டிருந்தார். மதியம் பிராக்டிகல் என்றால் அதைப் பிடிக்க முடியாது. ஃபர்வானியாவுக்கு போன் போட்டேன். ஆந்திராக்காரம்மா, குரலே மைக் வைத்த மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த மூன்று மொழியையும் கலந்து விஷயத்தைச் சொன்னேன். ‘ஃபிளைட் மறுநாளும் போகும்லேம்மா. உங்க வீட்ல ராத்திரி சோறு போடுவீங்களா?’ என்று கேட்டார். புளியோதரையே செய்கிறேன் என்றேன். மறுநாள் காலை பிரின்சிபல் மேஜையில் புது டைம்டேபிளை வைத்தபோது அவர் அதை இரண்டு தடவை படித்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. ‘ஒரு மணிக்கு லேபில் இருப்பீர்களா?’ என்றார். ‘இருப்பேன்’ என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோர்ட்டுக்கு அப்பாவும் வந்தார். ஆபீஸில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வக்கீல் பெண் தன் காரிலேயே அழைத்து வந்த ஆறுமுகம் இளைத்துக் கறுத்து, யாரோ கொடுத்த பெரிய சட்டைக்குள் நின்றான். முதலில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவன் ‘ஜாதா, கலாஸ்’ என்றான், சாவியைக் கொடுத்தான் என்றார். சொன்னாயா என்று ஆறுமுகத்தைக் கேட்டார்கள். அவன் பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், ‘ஆமாங்கய்யா, சொன்னேன்’ என்றான். அதை மொழிபெயர்ப்பாளர் அரபியில் சொன்னதும் நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார். 

பிறகு என் முறை. கடவுள் மேல் ஆணையிட்டேன், கேட்டதை இங்கிலீஷில் சொன்னேன். என் துருப்புச் சீட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை இறக்கினேன். ‘இவர் என்னிடம் தமிழில் போயிட்டு வாரேன் என்றுதான் சொன்னார், அதற்கு அர்த்தம் போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்பது, வேலையை விட்டவர் அப்படிச் சொல்வாரா’ என்று கேட்டேன். நீதிபதி தலையசைத்தார். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்தார். வயதான மனிதர், மிகவும் மரியாதையாகப் பேசினார். ‘உங்கள் ஆட்களில் ஒருவர் ஊரைவிட்டே ஒரேயடியாகப் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போவார்?’ என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. ஆணையிட்ட வாய் அடுத்த நொடியே சொல்லிவிட்டது. ‘அவரும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்.’

‘சாகக் கிடப்பவர்?’

‘அவரும் அப்படித்தான்.’

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் அங்கியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஆறுமுகத்துக்கு அரபியும் புரியாது இங்கிலீஷும் புரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்து எல்லாம் புரிந்துவிட்டது. அவன் தலை தொங்கிப்போனது. இத்தனை வாய்தாவும் லீவும் சண்டையும் எதற்கு, இவனை நானே என் வாயால் விமானம் ஏற்றவா வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். ‘உஸ்தாதா, அப்படியானால் ஒருவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று உங்களுக்குள் எப்படித்தான் தெரிந்துகொள்வீர்கள்?’ என்று கேட்டார். மடக்குவதற்காகக் கேட்ட மாதிரி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. எப்படித் தெரிந்துகொள்கிறோம்? யோசித்தேன். போகிறவன் வாசலில் நின்று அடுத்து என்ன பேசுகிறான் என்பதை வைத்துத்தான். அந்த நினைப்பு வந்ததும் அந்தப் பார்க்கிங், காய்கறிப் பை, மூடப் போகிற லிஃப்ட் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஏதோ கேட்டானே, அது என்ன என்று பிடிபட்டுவிட்டது!

‘ஐயா, அவர் என்னிடம் இன்னொன்றும் கேட்டார். நாளைக்குப் பிராக்டிகல் பிள்ளைகளை எத்தனை மணிக்கு ஏத்தணும் டீச்சர் என்று கேட்டார். மறுநாள் மாடல் பிராக்டிகல் இருந்தது. ஆறரைக்கே வந்துரு, மறந்துராத என்று நான் சொன்னேன்’ என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லிக்கொண்டு வரும்போது நீதிபதி நடுவில் நிறுத்தினார். ‘புக்ரா?’ என்றார். அந்தச் சொல் எனக்கே தெரியுமே. ‘புக்ரா’ என்றேன். நாளைக்கு!

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். இத்தனை நேரம் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்றார். ‘நீங்கள் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது என்றுதான் நான் என் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்’ என்றேன். நீதிபதி சிரித்துவிட்டார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அன்று இவன் டீச்சரிடம் தமிழில் ஏதாவது கேட்டானா என்று கேட்டார். சூப்பர்வைசருக்குக் கோர்ட்டில் நாங்கள் பேசியது எதுவும் புரிந்திருக்கவில்லை. ‘ஆமாம், என்னவோ கேட்டான். இந்தம்மாவும் சிக்ஸ் தர்ட்டி மாதிரி விரலைக் காட்டிவிட்டு ஓடியது’ என்றார், அப்பாவியாக. விரலை மடக்கிக் காட்டியது எனக்கே ஞாபகமில்லை! நீதிபதி கம்பெனி வக்கீல் பக்கம் திரும்பினார். ‘வேலையை விட்டுப் போகிறவனுக்கு புக்ரா எதற்கு?’ என்றார். அந்த நல்ல மனிதர் ஃபைலை மூடினார்.

வெளியே வந்ததும் வக்கீல் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா காரை ஓட்டிய வேகத்துக்கு அன்று ஃபைன் போடாதது நாம் செய்த புண்ணியம். ஒரு மணிக்கு முன்னாலேயே லேபில் நின்றேன். கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் பையனின் பியூரெட்டில் அளவைப் பார்த்துக் குறித்தேன். பிரின்சிபல் மேடம் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். அன்று ராத்திரி நம் வீட்டில் எக்ஸ்டெர்னல் மேடம் மூன்று தடவை புளியோதரை வாங்கிச் சாப்பிட்டார். கோர்ட் வாசலே மிதிக்காத குடும்பத்து மனிதர் இருக்கிறாரே, உன் அப்பா, அவர் மாடி மாடியாக ஏறி ‘எங்க வீட்டம்மா ஜட்ஜையே சிரிக்க வச்சுட்டா’ என்று சொல்லிவிட்டு வந்தார்.

தீர்ப்பு வர இன்னும் சில வாரம் ஆயிற்று. ஆறுமுகம் வேலையை விடவில்லை, அவனை விலக்கியதுதான் தவறு என்று வந்தது. ஓடிப்போனவன் என்ற புகாரையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் ரிலீஸ் என்றால் கம்ப்யூட்டர் சமாச்சாரம். இங்கே ரிலீஸ் என்றால் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் போக ஒரு மனுஷனுக்குக் கிடைக்கிற அனுமதி, அதற்காக வருடக் கணக்கில் தவம் கிடப்பார்கள். ஆறுமுகத்துக்கு அந்த ரிலீஸ் கிடைத்தது. ஒரு நாள் காலை நம் கட்டடத்துக்குக் கீழே புது வேன் ஒன்று வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கில் அவன்! வேறு கம்பெனி, அதே ரூட். ‘ஏறுங்க டீச்சர், இந்த வண்டிக்கு பிரேக்கு அம்சமா இருக்கு’ என்றான். உள்ளே இருந்த பிள்ளைகள் கை தட்டின. என் வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாக நான் எந்த வண்டியிலும் ஏறியதில்லை, என் கல்யாணக் கார் உட்பட.

சரி, இப்போது உன் விஷயம். உன் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. வேலையை அம்போ என்று விட்டுவிட்டுப் போ என்று உன் அம்மா ஒருநாளும் சொல்ல மாட்டாள். திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜரிடம் போ. லீவு கேட்டு நிற்காதே, வழியைக் கையில் எடுத்துக்கொண்டு போ. உன் வேலையில் எது எது யாருக்குத் தெரியும் என்று யோசி. உனக்கும் அங்கே ஒரு ஜோசப் சார் இருப்பார், ஆகாத ஆளாகத்தான் இருப்பார், போய்ப் பணிந்து கேள். நீ இல்லாமலே அந்த ரிலீஸ் நல்லபடியாக நடந்தால் உனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும், உடம்புக்கு நல்லது. காது கேட்காது என்று மட்டும் எழுதிவிடாதே. உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாதா, அடுத்த அறையில் சாக்லேட் காகிதம் பிரித்தால் உனக்குக் கேட்கும்.

உன்னை எடுக்காமலும் போகலாம், நிறையப் பேரைக் கூப்பிட்டுச் சிலரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்கிறார் அப்பா. எடுப்பார்கள் என்று என் மனசு சொல்கிறது. நான் இந்த ஊர் கோர்ட்டில் கேட்டதைச் சொல்ல மட்டும்தான் நிற்க முடிந்தது, அதற்கே இத்தனை நாளாகப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். உன்னையோ உட்காரச் சொல்லி, எதிரே நிற்பவன் குற்றம் செய்தானா இல்லையா, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கப் போகிறார்கள். நம் வம்சத்தில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேல் மாடி, கீழ் மாடி, ஸ்டாஃப் ரூம் எல்லா இடத்திலும் என் மகன் ஜூரியில் உட்காரப் போகிறான் என்று சொல்லி முடித்துவிட்டேன். இனி நீ பின்வாங்கினால் என் மானம் போகும்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ, கோர்ட்டில் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. உன் பெயரை அவர்கள் எப்படிக் கொன்று கூப்பிட்டாலும் எழுந்து நில். ஆபீஸ் போனை அணைத்துப் பையில் போட்டுவிடு. எதிரே ஒருத்தன் நிற்பான், அல்லது ஒருத்தி. நல்லவனோ கெட்டவனோ நமக்குத் தெரியாது. உங்கள் பன்னிரண்டு பேரின் முகத்தை மாறி மாறிப் பார்ப்பதைத் தவிர அன்றைக்கு அவனுக்கு வேறு வேலை இருக்காது. எந்த முகம் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறது என்று தேடிக்கொண்டே வருவான். அப்படித் தேடி வரும்போது உன் முகத்தில் வந்து அவன் கண் நிற்க வேண்டும், என் ராஜா.

அம்மா